நக்ஸ்ட் ஆட்டோ இம்போர்ட்: விஎஸ் கோடில் வரும் சிவப்புக் கோட்டைச் சரிசெய்வது எப்படி?

நக்ஸ்டில் (வியூ ஃப்ரேம்வொர்க்கின் மேல் கட்டிய வெப் ஃப்ரேம்வொர்க்) எழுதிய பக்கம் பிரவுசரில் ஒழுங்காகத் திறக்கிறது, தரவும் வந்து விழுகிறது. ஆனால் விஎஸ் கோட் எடிட்டரில், தரவை எடுத்துவரும் யூஸ்ஃபெட்ச் என்ற ஃபங்ஷனை எழுதிய இடத்தில் சிவப்புக் கோடு, அப்படி ஒரு பெயரே இல்லை என்கிறது. ரெஃப், கம்ப்யூட்டட் எல்லாவற்றுக்கும் இதே கதி. "யூஸ்" என்று தட்டினால் பரிந்துரைப் பட்டியலில் நாம் எழுதிய கம்போஸபிள் (பல இடங்களில் பயன்படுத்த எழுதும் ஃபங்ஷன்) ஒன்றுகூட வராது. நக்ஸ்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் பலர் இந்த இடத்தில் வெறுத்துப்போய், ஒவ்வொரு கோப்பின் தலையிலும் இம்போர்ட் வரிகளைக் கையால் எழுத ஆரம்பித்துவிடுகிறார்கள். அது தேவையில்லை.

நோட்.ஜேஎஸ் நிறுவியாயிற்று, ப்ராஜெக்ட் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

முதலில் இதைப் புரிந்துகொள்ளுங்கள்

நீங்கள் எழுதாத இம்போர்ட் வரிகளை நக்ஸ்ட் பில்ட் நேரத்தில் தானே சேர்த்துக்கொள்கிறது. உள்ளே அந்த வேலையைப் பார்ப்பது அன்இம்போர்ட் என்ற லைப்ரரி. ஆனால் எடிட்டர் அந்த பில்டை ஓட்டிப் பார்ப்பதில்லை. நீங்கள் எழுதிய கோப்பையும் டைப் அறிவிப்புக் கோப்புகளையும் மட்டும்தான் படிக்கிறது. அதனால் நக்ஸ்ட் எடிட்டருக்கென்றே சில கோப்புகளை .நக்ஸ்ட் என்ற ஃபோல்டருக்குள் எழுதி வைக்கிறது. "ரெஃப் என்ற பெயர் எங்கும் கிடைக்கும், அது வியூவிலிருந்து வருகிறது" என்பது போன்ற அறிவிப்புகள்தான் அவற்றில் இருக்கும்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டே. அந்தக் கோப்புகள் இருக்கின்றனவா? எடிட்டர் அவற்றைப் படிக்கிறதா? நான் இதுவரை பார்த்த சிக்கல்கள் அநேகமாக எல்லாமே இந்த இரண்டில் ஒன்றில் அடங்கிவிட்டன.

அதற்கும் முன்னால் ஒரு சோதனை. பிரவுசரிலும் அதே பெயருக்குப் பிழை வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அது எடிட்டர் சிக்கலே அல்ல, நக்ஸ்டே அந்தக் கோப்பைக் கண்டுபிடிக்கவில்லை. அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

படி 1: கோப்புகளை உருவாக்குங்கள்

ப்ராஜெக்ட் ஃபோல்டரில் டெர்மினலைத் திறந்து இதை ஓட்டுங்கள்:

என்பிஎக்ஸ் நக்ஸ்ட் ப்ரிபேர்

சில நொடிகளில் முடிந்துவிடும். .நக்ஸ்ட் ஃபோல்டருக்குள் நக்ஸ்ட்.டி.டிஎஸ் என்ற கோப்பு வந்திருக்க வேண்டும். மற்ற அறிவிப்புக் கோப்புகளை எல்லாம் இழுத்து வருவது இதுதான். டைப்ஸ் என்ற உள் ஃபோல்டரில் இம்போர்ட்ஸ்.டி.டிஎஸ் இருக்கும். அதைத் திறந்து உங்கள் கம்போஸபிளின் பெயரைத் தேடுங்கள். பெயர் கிடைத்தால் முதல் கேள்வி முடிந்தது.

.நக்ஸ்ட் ஃபோல்டர் கிட்டுக்குள் போவதில்லை, கிட்இக்னோரில் இருக்கும். அப்படித்தான் இருக்கவும் வேண்டும். அதனால் ப்ராஜெக்ட்டைப் புதிதாகக் குளோன் செய்தவரிடம் அது இருக்காது. பேக்கேஜ்.ஜேசனில் போஸ்ட்இன்ஸ்டால் என்ற இடத்தில் "நக்ஸ்ட் ப்ரிபேர்" இருக்கிறதா என்று பாருங்கள். புது ப்ராஜெக்ட்டில் தானாகவே இருக்கும், யாராவது "இது எதற்கு" என்று நீக்கியிருந்தால் திரும்பச் சேர்த்துவிடுங்கள்.

டெவ் சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போது புதுக் கம்போஸபிள் எழுதினால் அறிவிப்புகள் தானே புதுப்பிக்கப்படும். சர்வரை நிறுத்திவிட்டு எழுதினால் புதுப்பிக்கப்படாது. அப்போது ப்ரிபேரை இன்னொரு முறை ஓட்ட வேண்டும்.

படி 2: எடிட்டரைப் படிக்க வையுங்கள்

என்னை அதிக நேரம் பிடித்து வைத்தது இந்தப் படிதான், அதனால் நிதானமாகப் போகலாம்.

நக்ஸ்ட் 3 என்றால் வேரில் (ப்ராஜெக்ட்டின் மேல் ஃபோல்டரில்) உள்ள, டைப்ஸ்கிரிப்ட்டின் அமைப்புக் கோப்பான டிஎஸ்கான்ஃபிக்.ஜேசனில் ஒரே ஒரு விஷயம் இருந்தால் போதும்: எக்ஸ்டெண்ட்ஸ் என்ற இடத்தில் "./.நக்ஸ்ட்/டிஎஸ்கான்ஃபிக்.ஜேசன்". எந்தெந்தக் கோப்புகளைப் படிக்க வேண்டும், டில்டே (~) போன்ற சுருக்கப் பாதைகள் எங்கே போகின்றன என்பதெல்லாம் நக்ஸ்ட் எழுதிய அந்தக் கோப்பில் இருக்கிறது.

2025 ஜூலையில் வந்த நக்ஸ்ட் 4-இல் இந்த அமைப்பு மாறியது. புது ப்ராஜெக்ட்டில் ஃபைல்ஸ் என்பது காலிப் பட்டியலாக இருக்கும். அதன்கீழ் ரெஃபரன்ஸஸ் என்ற இடத்தில் ஆப், சர்வர், ஷேர்ட், நோட் என நான்கு தனித்தனி டிஎஸ்கான்ஃபிக் கோப்புகளுக்குப் பாதை இருக்கும். பிரவுசர் பக்கக் குறியீடும் சர்வர் பக்கக் குறியீடும் ஒன்றின் பெயர்களை மற்றது பார்க்காமல் இருக்கத்தான் இந்தப் பிரிவு. எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது. 3-இலிருந்து ஏறி வந்தவர்களுக்குப் பழைய எக்ஸ்டெண்ட்ஸ் வரியும் வேலை செய்யும், அவசரப்பட்டு மாற்ற வேண்டியதில்லை.

சரி, சிக்கல் எங்கே? எக்ஸ்டெண்ட்ஸ் வரி சரியாக இருக்கும், .நக்ஸ்ட் ஃபோல்டரும் இருக்கும், ஆனாலும் எல்லாம் சிவப்பாக இருக்கும். அப்படியானால் அதே டிஎஸ்கான்ஃபிக் கோப்பில் இன்க்ளூட் என்று யாராவது எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். வேறு ப்ராஜெக்ட்டிலிருந்து ஒட்டும்போது இது கூடவே வந்துவிடும்.

டைப்ஸ்கிரிப்ட்டின் விதி இது: நீட்டிக்கும் கோப்பில் இன்க்ளூட் இருந்தால், அடிப்படைக் கோப்பின் இன்க்ளூட் பட்டியலோடு அது சேராது. அந்தப் பட்டியலையே தூக்கிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும். நக்ஸ்ட்.டி.டிஎஸ் அந்த அடிப்படைப் பட்டியலில்தான் இருந்தது. நீங்கள் "ஆப் ஃபோல்டரையும் சேர்" என்று நினைத்து எழுதிய வரி, எடிட்டருக்கு "ஆப் ஃபோல்டரை மட்டும் படி" என்று போய்ச் சேருகிறது. பிழைச் செய்தியில் இதற்கான தடயம் துளியும் இருக்காது.

பாத்ஸ் என்பதற்கும் இதே விதிதான். உங்களுக்கென்று ஒரு சுருக்கப் பாதை வைக்க நினைத்து வேர்க் கோப்பில் பாத்ஸ் எழுதினால், நக்ஸ்ட் வைத்த டில்டே, #இம்போர்ட்ஸ் எல்லாம் ஒரே அடியில் போய்விடும்.

தீர்வு: வேர் டிஎஸ்கான்ஃபிக்கை அப்படியே விட்டுவிட்டு, தேவையானதை நக்ஸ்ட்.கான்ஃபிக்.டிஎஸ்-இல் சொல்லுங்கள். சுருக்கப் பாதை வேண்டுமென்றால் ஏலியாஸ் என்ற இடத்தில். கூடுதல் கோப்புகளைப் படிக்க வேண்டுமென்றால் டைப்ஸ்கிரிப்ட் என்பதற்குள் டிஎஸ்கான்ஃபிக், அதற்குள் இன்க்ளூட். இங்கே எழுதும் பாதை .நக்ஸ்ட் ஃபோல்டரிலிருந்து கணக்கிடப்படும், அதனால் ஒரு படி மேலே போக "../" என்று தொடங்க வேண்டும். மாற்றியதும் ப்ரிபேரை மறுபடி ஓட்டுங்கள்.

"நான் வெறும் ஜாவாஸ்கிரிப்ட்தான் எழுதுகிறேன், எனக்கு டிஎஸ்கான்ஃபிக் எதற்கு" என்று அதை அழித்துவிடாதீர்கள். விஎஸ் கோடில் ஜாவாஸ்கிரிப்ட்டுக்கும் பரிந்துரை தருவது டைப்ஸ்கிரிப்ட் சர்வர்தான். நக்ஸ்ட் உருவாக்கும் அமைப்பில் ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளுக்கும் அனுமதி உண்டு.

படி 3: எக்ஸ்டென்ஷனும் ரீஸ்டார்ட்டும்

விஎஸ் கோடில் "வியூ அஃபிஷியல்" எக்ஸ்டென்ஷன் போடுங்கள், முன்பு வோலார் என்ற பெயரில் இருந்தது. வெட்டூர் என்ற பழைய வியூ எக்ஸ்டென்ஷன் இருந்தால் நிறுத்திவிடுங்கள், இரண்டும் ஒன்றாக ஓடக் கூடாது. "வியூ ஸ்னிப்பெட்ஸ்", "நக்ஸ்ட் பேக்" என்று கொத்தாக வரும் எக்ஸ்டென்ஷன்களை நான் போடுவதே இல்லை. பரிந்துரைப் பட்டியலில் குப்பை சேர்ந்து, எது நக்ஸ்ட் சொன்னது, எது ஸ்னிப்பெட் சொன்னது என்றே தெரியாமல் போய்விடுகிறது.

அப்புறம், ஒரு டிஎஸ் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கமாண்ட் பேலட்டில் "டைப்ஸ்கிரிப்ட்: ரீஸ்டார்ட் டிஎஸ் சர்வர்" என்பதை ஓட்டுங்கள். நக்ஸ்ட்.கான்ஃபிக்.டிஎஸ் திறந்திருந்தாலே போதும். டிஎஸ் கோப்பு எதுவும் திறக்காமல் தேடினால் இந்தக் கட்டளை பட்டியலில் வராமல் போகலாம். அதற்கும் மசியவில்லை என்றால் "டெவலப்பர்: ரீலோட் விண்டோ".

இப்போது யூஸ்ஃபெட்ச் மேல் மவுஸை வையுங்கள். அதன் டைப் விவரம் தெரிந்தால் வேலை முடிந்தது.

பிரவுசரிலும் பிழை வந்தால்

கம்போஸபிள்ஸ் ஃபோல்டரின் முதல் நிலையில் உள்ள கோப்புகளை மட்டும்தான் நக்ஸ்ட் ஸ்கேன் செய்யும். கம்போஸபிள்ஸ்/ஏபிஐ/யூஸ்ஆர்டர்ஸ்.டிஎஸ் என்று உள்ளே தள்ளி வைத்தால் கண்ணில் படாது. மேல் நிலையில் ஓர் இண்டெக்ஸ்.டிஎஸ் வைத்து அதிலிருந்து மறு ஏற்றுமதி (ரீ-எக்ஸ்போர்ட்) செய்யலாம், அல்லது நக்ஸ்ட்.கான்ஃபிக்கில் இம்போர்ட்ஸ் என்பதற்குள் டிர்ஸ் என்ற இடத்தில் உள் ஃபோல்டர்களையும் சேர்க்கலாம். நான் முதல் வழியைத்தான் பரிந்துரைப்பேன். எந்தப் பெயர்கள் வெளியே தெரிகின்றன என்பது ஒரே கோப்பில் கண்முன் இருக்கும்.

காம்போனென்ட்டுகள் அப்படியல்ல. உள் ஃபோல்டர்களும் ஸ்கேன் ஆகும், ஆனால் ஃபோல்டர் பெயர் முன்னொட்டாகச் சேர்ந்துவிடும். பேஸ் ஃபோல்டருக்குள் பட்டன்.வியூ வைத்தால் அது பேஸ்பட்டன். பட்டன் என்று தேடிக்கொண்டிருந்தால் கிடைக்காது.

நக்ஸ்ட் 4-க்கு மாறும்போது மற்றதையெல்லாம் ஆப் ஃபோல்டருக்கு நகர்த்திவிட்டு கம்போஸபிள்ஸை மட்டும் வேரில் விட்டாலும் இதே பிழைதான் வரும்.

பின்சேர்க்கை: டாக்கர்

இதைப் படித்தவர்களில் சிலர், எல்லாப் படிகளும் செய்தும் சிவப்புக் கோடு போகவில்லை என்றார்கள். கேட்டுப் பார்த்தால், ப்ராஜெக்ட்டை டாக்கருக்குள், அதாவது கன்டெய்னர் என்ற தனிச் சூழலுக்குள், ஓட்டுகிறார்கள். நோட்_மாட்யூல்ஸும் .நக்ஸ்டும் கன்டெய்னருக்குள் மட்டும் இருக்கின்றன, எடிட்டர் வெளியே இருக்கிறது. முதல் கேள்விக்கே "இல்லை" என்பதுதான் பதில். டெவ் கன்டெய்னர்ஸ் எக்ஸ்டென்ஷன் மூலம் எடிட்டரையே கன்டெய்னருக்குள் திறப்பது நல்ல வழி. அது முடியாதென்றால், வெளியிலும் ஒரு முறை பேக்கேஜ்களை நிறுவி ப்ரிபேர் ஓட்டுங்கள்.

பின்சேர்க்கை: ஈஎஸ்லிண்ட்

டைப்ஸ்கிரிப்ட் பிழை போன பிறகும் "ரெஃப் வரையறுக்கப்படவில்லை" என்று இன்னொரு கோடு வந்தால், அது குறியீட்டில் தவறு தேடும் கருவியான ஈஎஸ்லிண்ட்டின் நோ-அன்டெஃப் விதி. அதற்கு இந்த டைப் கோப்புகள் எதுவும் தெரியாது. பெயர்களை ஒவ்வொன்றாக குளோபல்ஸ் பட்டியலில் சேர்க்கச் சொல்லும் பழைய பதில்களைப் பின்பற்றாதீர்கள், ஒவ்வொரு புதுக் கம்போஸபிளுக்கும் அதையே செய்துகொண்டிருக்க வேண்டிவரும். டைப்ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் அந்த விதியை அணைத்துவிடலாம், அந்தச் சோதனையை டைப்ஸ்கிரிப்ட்டே செய்துவிடுகிறது. இல்லையென்றால் நக்ஸ்டின் சொந்த ஈஎஸ்லிண்ட் மாட்யூலைப் போடுங்கள். அது தன் அமைப்புக் கோப்பையும் .நக்ஸ்டுக்குள்தான் எழுதுகிறது. ஆகவே சிஐ-யில் (குறியீட்டைத் தானாகச் சோதிக்கும் சர்வரில்) லிண்ட் ஓட்டும் முன்பும் ப்ரிபேர் ஓட வேண்டும்.