'ந' எங்கே போயிற்று? சொற்பிறப்பு எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சொல்லாராய்ச்சியில் புதிதாக இறங்கியிருக்கும் சிலரின் கட்டுரைகளைப் படித்தேன். நான் விழுந்து எழுந்த அதே குழிகள். எழுத்துப்பிழைகளை விட்டுவிடுகிறேன், அவை போகப் போகச் சரியாகும்.

இரண்டு முனைகளை மட்டும் பார்ப்பது

போலிஷ் மொழியில் ஆரஞ்சு 'பொமரான்ச்சா'. "போலந்திலும் நம் நாரத்தை!" என்று ஒருமுறை எழுதினேன். அச்சிலும் வந்தது. அப்புறம் ஒரு வாசகரின் அஞ்சலட்டை: "முதலில் இருந்த நகரம் எங்கே?" எந்த ஊரைக் கேட்கிறார் என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்தேன். அவர் கேட்டது 'ந' எழுத்தை.

சமஸ்கிருத நாரங்கம், பாரசீக நாரங்க், அரபு நாரஞ்ச் எல்லாவற்றிலும் 'ந' உண்டு. இத்தாலியில்தான் அது உதிர்ந்தது. 'ஒரு' என்று பொருள்படும் 'உனா' முன்னால் வந்தபோது, அதிலுள்ள னகரத்தோடு இதன் முதலெழுத்தும் கலந்து, மிஞ்சியது 'அரான்ச்சா'. அதன் முன்னால் கனியைக் குறிக்கும் 'போமோ' ஒட்டிக்கொண்டு 'பொமரான்ச்சா' ஆயிற்று. ஹங்கேரிய 'நாரான்ச்', ஸ்பானிய 'நரான்ஹா' இரண்டிலும் 'ந' பத்திரமாக இருக்கிறது. ஆக, போலிஷ் சொல் இத்தாலிய வடிவத்தின் வழியாக வந்தது என்பதற்குக் காணாமற்போன அந்த எழுத்தே சாட்சி. அதைத்தான் நான் கவனிக்காமல் விட்டேன். நினைத்தால் இன்றும் எரிச்சலாக இருக்கிறது.

'நம்' என்றதும் அவசரம்தான். சமஸ்கிருதம் அதை ஒரு திராவிட மொழியிலிருந்து எடுத்திருக்கலாம் என்பது பலர் ஏற்கும் கருத்து. மலையாளத்தில் நாரங்ங, தெலுங்கில் நாரிஞ்ஜ இருக்கின்றன. 'திராவிடம்' என்ற இடத்தில் 'தமிழ்' என்று மாற்றியது என் கைவரிசை.

'பொ'வை முன்னொட்டாக வெட்டுவது

போலிஷில் 'பொ' என்ற முன்னொட்டு ஏராளம். 'பொமரான்ச்சா'வின் 'பொ' அதுவல்ல, 'போமோ'வின் தலை. தக்காளியான 'பொமிதோர்' பாருங்கள்: இத்தாலியத்தில் பொற்கனி, அதிலும் அதே 'போமோ'தான்.

எல்லாவற்றையும் ராணி தலையில் கட்டுவது

1518-ல் போலந்து மன்னர் முதலாம் சிகிஸ்முந்தை மணந்த போனா ஸ்ஃபோர்சா இத்தாலியர். சூப்புக் காய்கறிக் கட்டுக்குப் போலிஷில் இன்றும் 'வொஷ்ச்சிஸ்னா', அதாவது இத்தாலியச் சரக்கு, என்றுதான் பெயர். சரி, அதற்காக ஒவ்வொரு சொல்லும் அவர் சீர்வரிசையில் வந்ததா? தேதி தெரிந்த ஏட்டைக் காட்டுங்கள்.

பழத்தை மறப்பது

அரபிகள் கொண்டுபோன நாரஞ்ச் கசப்பு ஆரஞ்சு. இனிப்பு ஆரஞ்சு பிறகுதான் வந்தது.

தேநீரையும் இதே வழியில் அனுப்புவது

வேண்டாம். போலிஷில் தேநீர் 'ஹெர்பாத்தா', லத்தீன் 'ஹெர்பா தேயா'விலிருந்து வந்தது. கெட்டில் மட்டும் 'ச்சாய்னிக்', ரஷ்யச் சரக்கு.