மலையடிவாரத்துக்காரர் மிட்சைஸ் எஸ்யூவி வாங்கும்போது சறுக்கும் இடங்கள்

தேனி மாவட்டத்தில் கம்பம், கூடலூர், போடி பக்கம் மிட்சைஸ் (நடுத்தர அளவு) எஸ்யூவி வாங்கக் கிளம்புகிறவர்கள் கையில் இன்று ஏறக்குறைய ஒரே பட்டியல்தான் இருக்கிறது. கிரெட்டா, செல்டோஸ், கிராண்ட் விட்டாரா, ஹைரைடர், எலிவேட். கையில் இன்னும் கொஞ்சம் காசு இருந்தால் ஹாரியர், ஸ்கார்பியோ-என். பட்டியலில் தப்பில்லை, எல்லாமே ஓடுகிற வண்டிகள்தான். தேர்ந்தெடுக்கும் விதத்தில்தான் கோளாறு. வண்டியைத் தேர்வு செய்கிறவர் ஸ்டியரிங் பிடித்துப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார். அந்த வண்டியின் சுகத்தையும் அவஸ்தையையும் அனுபவிக்கப் போகிற அம்மா, மனைவி, பிள்ளைகள் பின்சீட்டில் உட்காரப் போகிறவர்கள். ஷோரூமில் அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

பைபாஸில் முடிந்துபோகும் டெஸ்ட் டிரைவ்

தேனி பைபாஸில் நேராக நாலு கிலோமீட்டர், உள்ளே இரண்டு பேர், ஏசி முழு வேகத்தில். இந்தச் சோதனையில் பதினைந்து லட்ச ரூபாய் வண்டி எதுவும் தோற்காது. நாம் ஓட்டப் போவது லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி ஏறும் சாலையிலும், 17 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட போடிமெட்டுப் பாதையிலும், வண்டிப்பெரியாறு, பீர்மேடு தாண்டிக் குட்டிக்கானத்திலிருந்து முண்டக்கயம் இறங்கும் இறக்கத்திலும்தான். அதனால் மலை ஏற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று வெளிப்படையாகவே கேளுங்கள். டீசலுக்குக் காசு தருகிறேன் என்றால் பல இடங்களில் ஒத்துக்கொள்வார்கள். மறுத்தால், அதே மாடல் வைத்திருக்கும் சொந்தக்காரர் ஒருவர் நம் ஊரில் எப்படியும் இருப்பார். அவரோடு குமுளி வரை ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

சஸ்பென்ஷனை, அதாவது குலுக்கலைத் தாங்கும் ஸ்பிரிங் அமைப்பை, ஒரே வேகத்தில் வைத்து எடை போடக் கூடாது. விறைப்பான சஸ்பென்ஷன் 20, 30 கிலோமீட்டர் வேகத்தில், ஊருக்குள் வேகத்தடையிலும் பள்ளத்திலும் தூக்கிப் போட்டுத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். மிருதுவானது அங்கே நல்ல பெயர் வாங்கிவிடும். ஆனால் மலையில் அடுத்தடுத்து வரும் வளைவுகளில் தொட்டில் மாதிரி ஆடும். பின்சீட்டில் வாந்தி தொடங்குவது அங்கேதான். மலைப்பாதையில் அடிக்கடி போகிறவர்களுக்கு என் ஓட்டு, லேசாக விறைப்பான வண்டிக்குத்தான். ஊருக்குள் நாலு குலுக்கலைப் பொறுத்துக்கொள்ளலாம், ஆட்டத்தைப் பொறுக்க முடியாது.

இன்னொரு விஷயம், டெமோ வண்டியின் டயர் காற்று. ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் இருக்கும், எவ்வளவு காற்று வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். டயரில் அதைவிடக் கூடுதலாக இருந்தால் வண்டி கட்டை மாதிரி அடிக்கும். பழியோ சஸ்பென்ஷன் மேல் விழும். ஓட்டுவதற்கு முன் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தி அளந்துகொள்ளுங்கள்.

பின்சீட்டில் உட்காராமல் வாங்குவது

வீட்டில் உயரமானவருக்கு ஏற்றபடி ஓட்டுநர் சீட்டைப் பின்னால் தள்ளுங்கள். அதற்குப் பின்னால் போய் உட்காருங்கள். முட்டி முன்சீட்டில் இடிக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள், அது போதாது. உங்கள் தொடைக்கும் சீட்டுக்கும் இடையில் உள்ளங்கையை நுழைத்துப் பாருங்கள். கை தாராளமாகப் போய் வந்தால் தொடை அந்தரத்தில் நிற்கிறது என்று அர்த்தம். உடம்பின் பாரம் முழுக்க இடுப்பில் இறங்கும். கோட்டயம் போய்ச் சேர்வதற்குள் இடுப்பு கழன்றுவிடும். சீட் தாழ்வாகவும் தரை உயரமாகவும் இருக்கும் வண்டிகளில்தான் இந்தக் குறை வரும். கால் நீட்ட எத்தனை இடம் இருந்தாலும் இதை ஈடுகட்ட முடியாது.

அப்புறம் மூன்று பேரை உட்கார வையுங்கள். நடுவில் உட்காருகிறவர் காலை எங்கே வைக்கிறார், முதுகுக்குப் பின்னால் கை வைக்கும் மடிப்புப் பலகை முட்டுகிறதா, அவருக்கும் மூன்று முனை சீட் பெல்ட்டும் தலைசாய்ப்பும் இருக்கின்றனவா? அம்மாவைச் சேலையோடு ஏறி இறங்கச் சொல்லுங்கள். முட்டி வலிக்காரர்களுக்கு மிட்சைஸ் எஸ்யூவியின் சீட் உயரம் பெரும்பாலும் வசதிதான். குனிந்து விழ வேண்டாம், ஏறிக் குதிக்கவும் வேண்டாம். ஸ்கார்பியோ-என் போலத் தனி இரும்புச் சட்டத்தின் மேல் பாடி உட்கார்ந்திருக்கும் வண்டிகளில் கதை வேறு. அங்கே ஒரு படி ஏறித்தான் உள்ளே போக வேண்டும்.

பிள்ளைகளுக்கு ஜன்னலைப் பாருங்கள். காது சொல்லும் அசைவும் கண் காட்டும் காட்சியும் ஒத்துப்போகாததால்தான் மலையில் தலை சுற்றுகிறது. இப்போது வரும் எஸ்யூவிகளில் ஜன்னல் விளிம்பு மேலேறி, கடைசித் தூண் தடித்து, பின்சீட்டுக் குழந்தைக்கு முன்சீட்டின் முதுகு மட்டுமே தெரிகிறது. குழந்தையை உட்காரவைத்து வெளியே சாலை தெரிகிறதா என்று கேளுங்கள். விற்பனையாளர் சிரிப்பார், சிரிக்கட்டும்.

டாப் மாடலின் பெரிய சக்கரம்

டாப் மாடல் என்றால் சொகுசும் டாப் என்று நினைப்பது பரவலான தவறு. 17 அங்குலச் சக்கரத்தில் 215/60 டயர் போட்டால் ரப்பர் சுவரின் உயரம் 129 மில்லிமீட்டர். 18 அங்குலத்தில் 215/55 என்றால் 118. பள்ளத்தில் விழும் அடியை முதலில் வாங்கிக்கொள்வது இந்த ரப்பர்தான். பார்வைக்காக அதில் 11 மில்லிமீட்டரை விட்டுக்கொடுக்கிறோம். மழைக்காலத்தில் இடுக்கிப் பக்கம் தார் பெயர்ந்து, பள்ளம் தண்ணீருக்கடியில் மறைந்திருக்கும்போது மெல்லிய டயர் வெடித்து ரிம்மும் வளைவதுண்டு. ஒரு படி கீழே இருக்கும் மாடலை வாங்கினால் முதுகும் பிழைக்கும், மாற்றும்போது டயர் செலவும் குறையும். ஸ்டெப்னி என்ன அளவு என்றும் கேட்டுவிடுங்கள். பலவற்றில் அது சின்னச் சக்கரமாகத்தான் இருக்கும். அதை மாட்டிக்கொண்டு வேகம் போக முடியாது.

என்ஜினும் கியரும் சொகுசைச் சேர்ந்தவைதான்

இவற்றை மைலேஜ் கணக்கோடு நிறுத்திவிடுகிறார்கள். ஏற்றத்தில் என்ஜின் திணறினால் உள்ளே இருக்கிறவர்களுக்கு அதுவே அவஸ்தை. கிரெட்டாவையே எடுத்துக்கொள்வோம். டர்போ (காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத 1.5 பெட்ரோல் 144 நியூட்டன் மீட்டர் இழுவையைத் தருவது நிமிடத்துக்கு 4500 சுற்றில். அதே வண்டியின் டீசல் 250 நியூட்டன் மீட்டரை 1500 சுற்றிலேயே கொடுக்கத் தொடங்கிவிடும். ஐந்து பேரும் டிக்கி நிறையச் சாமானுமாகப் போடிமெட்டு ஏறும்போது பெட்ரோல்காரர் வளைவுக்கு வளைவு இரண்டாம் கியர், மூன்றாம் கியர் என்று மாற்றிக்கொண்டே இருப்பார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்சீட்டில் தலைகள் முன்னும் பின்னும் ஆடும். போதாக்குறைக்கு, டர்போ இல்லாத என்ஜின் ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும், காற்று மெலிவதால். மூணாறு 1500 மீட்டருக்குச் சற்று மேல், கணக்கு போட்டுக்கொள்ளுங்கள். டர்போ இந்தக் குறையைப் பெருமளவு ஈடுகட்டிவிடும்.

இதைக் கேட்டு எல்லோரும் டீசலுக்கு ஓடவும் வேண்டாம். தினமும் வீட்டிலிருந்து கடைக்கும் கடையிலிருந்து வீட்டுக்குமாக இரண்டு கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு பிஎஸ்6 (இப்போதைய புகை விதிப்படி வரும்) டீசல் தலைவலி. புகையில் இருக்கும் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி, வண்டி கொஞ்ச நேரம் நல்ல வேகத்தில் சூடாக ஓடினால்தான் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அது நடக்காவிட்டால் டேஷ்போர்டில் விளக்கு எரியும்.

ஆட்டோமேட்டிக் என்று பொதுவாகக் கேட்டு வாங்குவது அடுத்த தவறு. அதில் வகைகள் உண்டு. எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் வகை ஊர்ந்து ஏறும் நெரிசலில் நிதானமாக இருக்கும். கிரெட்டா டீசலில் இருப்பது இது. டர்போ பெட்ரோல் கிரெட்டாவில் வருவது இரண்டு கிளட்ச் மாறி மாறிப் பிடிக்கும் ஏழு வேக டூயல் கிளட்ச், அதுவும் எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச். திறந்த சாலையில் அருமையாக ஓடும். ஆனால் சபரிமலை சீசனில் கம்பம்மெட்டு வழியாக வண்டிகளைத் திருப்பிவிட்டு, ஏற்றத்தில் அங்குலம் அங்குலமாக நகரும்போது கிளட்ச் சூடேறும். பிரேக்கை விட்டு விட்டு ஊர்வதற்குப் பதில், முன்வண்டி கொஞ்சம் நகரும் வரை நின்று, ஒரேயடியாக நகர்வதுதான் அதற்கு நல்லது. எலிவேட்டில் வருவது சிவிடி, படிப்படியாகக் கியர் மாறாத பெட்டி. மெத்தென்று போகும். ஏற்றத்தில் அழுத்தினால் என்ஜின் ஒரே சுருதியில் கத்தும். அந்தச் சத்தம் உங்களுக்கு ஒத்துவருமா என்பதை மலையில் ஓட்டித்தான் தெரிந்துகொள்ள முடியும்.

பெட்ரோல் என்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்து இழுக்கும் ஹைப்ரிட் பற்றித்தான் இப்போது அதிகம் பேச்சு. கிராண்ட் விட்டாரா ஸ்ட்ராங் ஹைப்ரிடின் சான்று மைலேஜ் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர். ஊருக்குள் ஓட்டுகிறவருக்கு அது உண்மையிலேயே லாபம். ஆனால் அதன் பேட்டரி 0.76 கிலோவாட்மணி அளவே உள்ள சின்னது. நீண்ட ஏற்றத்தில் சீக்கிரம் கரைந்துவிடும். பிறகு இழுப்பது மூன்று சிலிண்டர் என்ஜின்தான், சத்தம் உள்ளே கேட்கும். நீண்ட இறக்கத்திலோ பாதி வழியிலேயே பேட்டரி நிரம்பிவிடும், அதற்கு மேல் இறக்கத்தின் சக்தியைச் சேமிக்க முடியாது. பேட்டரி பின்பக்கம் இருப்பதால் டிக்கியிலும் இடம் குறைகிறது. கல்யாணத்துக்குக் கட்டப்பனை போகும் குடும்பத்தின் பெட்டிகளை நிஜமாகவே உள்ளே வைத்துப் பாருங்கள்.

ஏறின கியரிலேயே இறங்கணும் என்பது பழைய டிரைவர்கள் சொல்வது. ஆட்டோமேட்டிக்குக்கும் அதே கதைதான். டி-யில் (டிரைவ்) போட்டுவிட்டு முண்டக்கயம் வரை பிரேக்கை மிதித்தே இறங்கினால் பிரேக் காய்ந்து நாற்றம் அடிக்கும். கியரைக் கையால் குறைக்க வழி இருக்கிறதா, ஹைப்ரிடில் இறக்கத்தில் வண்டியைப் பிடித்து இறக்கும் பி (B) நிலை எங்கே இருக்கிறது என்று வாங்கும்போதே காட்டச் சொல்லுங்கள்.

எஸ்யூவி என்பதால் ஏலத்தோட்டத்துக்குள் போகும் என்று நம்புவது

வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் நம்மூர்க்காரர்கள் அதிகம். எஸ்யூவி வந்துவிட்டால் ஜீப்பை விற்றுவிடலாம் என்று திட்டம் போடுவார்கள். இந்தப் பட்டியலில் உள்ள பெரும்பாலான வண்டிகளில் என்ஜின் இழுப்பது முன்சக்கரங்களை மட்டும். செங்குத்தான சேற்று ஏற்றத்தில் வண்டியின் பாரம் பின்னால் சாய்கிறது. இழுக்க வேண்டிய முன்சக்கரத்தின் மேல் எடை குறைகிறது, அது நின்ற இடத்திலேயே சுழலத் தொடங்குகிறது. தரை இடைவெளி 220 மில்லிமீட்டர் இருந்தாலும் இதற்குத் தீர்வு இல்லை. அந்த 220-உம் ஆள் ஏறாத வண்டியின் அளவு. ஐந்து பேரும் இரண்டு மூட்டையும் ஏறினால் பின்பக்கம் தணிந்துவிடும்.

கிராண்ட் விட்டாரா, ஹைரைடரில் சில வகைகளில் மட்டும் நாலு சக்கரமும் இழுக்கும். ஸ்கார்பியோ-என் டீசலில் முறையான ஃபோர் பை ஃபோர் உண்டு. பதிலுக்குச் சட்ட வண்டிக்கே உரிய குலுக்கலை ஊருக்குள் தினமும் ஏற்றுக்கொள்ள வேண்டும். தார் ரோடு முடியும் இடத்தில் காரை நிறுத்திவிட்டு, தினமும் காலையில் ஆள் ஏற்றிப் போகும் பழைய மஹிந்திரா ஜீப்பில் மேலே போவதுதான் இன்றைக்கும் மலிவான வழி. தார்ச் சாலையில் மட்டும் மலை ஏறுகிறவருக்கு ஃபோர் பை ஃபோர் வெட்டிச் செலவு.

சின்னச் சின்னதாக இன்னும் சில

பனோரமிக் சன்ரூஃப் தலைக்கு மேல் கொஞ்சம் உயரத்தைச் சாப்பிடும், தேனி வெயிலில் ஏசிக்கும் வேலை வைக்கும். அதற்குக் கொடுக்கும் பணத்தைப் பின்சீட் ஏசி துவாரத்துக்கும் ஆறு ஏர்பேக்குக்கும் கொடுங்கள். மூன்றாவது வரிசை சீட்டு மலைப்பாதையில் வாந்திக்கென்றே ஒதுக்கிய இடம். ஏழு பேர் அடிக்கடி போவதானால் எம்பிவி (பல பேர் உட்காரவென்றே செய்த குடும்ப வண்டி) பாருங்கள். சாலைக் கோட்டைப் பார்த்து வண்டியைத் தானே அதற்குள் வைத்திருக்கும் வசதியைக் கோடே இல்லாத மலைச்சாலையில் அணைத்துவைக்க வேண்டியிருக்கும். ஏற்றத்தில் பின்னால் உருளாமல் பிடிக்கும் ஹில் ஹோல்ட் மட்டும் கட்டாயம் இருக்கட்டும்.

அகலத்தை அளக்காமல் முன்பணம் கட்டாதீர்கள். கிரெட்டா 1790 மில்லிமீட்டர், ஹாரியர் 1922. இரண்டிலும் கண்ணாடிகளைச் சேர்க்காமல். எட்டடி கேட் என்பது 2438 மில்லிமீட்டர். ஹாரியர் உள்ளே போகும், தெரு குறுகலாக இருந்தால் வளைத்து எடுப்பதுதான் பாடு. போர்டிகோவில் பைக்கும் நின்றால் கதவைப் பாதிதான் திறக்க முடியும், அம்மா இறங்க முடியாது.

வரிக் கணக்கையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் நாலு மீட்டருக்குள் நீளமும், பெட்ரோல் என்றால் 1200 சிசி, டீசல் என்றால் 1500 சிசிக்குள் என்ஜினும் உள்ள கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதைத் தாண்டினால் 40. இந்தப் பட்டியல் முழுக்க 40-இல்தான் வருகிறது. தமிழ்நாட்டில் சாலை வரியும் பத்து லட்சத்தைத் தாண்டினால் ஒரேயடியாக ஏறுகிறது. ஆன்ரோடு விலையைக் கேட்காமல் பேச்சையே தொடங்காதீர்கள்.

அந்தப் பக்கம் விலை குறைவு, ஆஃபர் நல்லது என்று கேரளத்தில் பதிந்து இங்கே வைத்து ஓட்டுகிறவர்களும் உண்டு, நேர்மாறாக இங்கே பதிந்து அங்கே ஓட்டுகிறவர்களும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 47ஆம் பிரிவின்படி வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். தடையில்லாச் சான்று வாங்கி, புதிய மாநிலத்தில் வரி கட்டி, பழைய வரியில் மிச்சத்தைத் திரும்பப் பெற அலைய வேண்டும். வீடு கம்பத்திலும் தோட்டம் வண்டன்மேட்டிலுமாக இருப்பவர்கள், வண்டி ராத்திரியில் எந்த மாநிலத்தில் நிற்கப் போகிறதோ அங்கே பதிந்துவிடுவது நல்லது.