சதுர மானிட்டரில் அகலத்திரை கேம்: கறுப்புப் பட்டைக்குப் பயப்படாதீர்கள்

பழைய 17 இன்ச், 19 இன்ச் சதுர மானிட்டர் வைத்திருப்பவர்கள் கேமில் 1280×1024 ரெசல்யூஷனை (படத்தின் அகலத்திலும் உயரத்திலும் எத்தனை பிக்சல் என்ற கணக்கு) தேர்ந்தெடுத்துவிட்டு, பக்கத்தில் நிற்கிற எதிரி கண்ணில் படவே இல்லை என்று புலம்புவார்கள். அதே மானிட்டரில் 1280×720 வைத்துப் பாருங்கள். மேலே 152 வரி, கீழே 152 வரி கறுப்பாகிவிடும், ஆனால் இடமும் வலமும் கூடுதலாகத் தெரியும். கவுண்டர்-ஸ்ட்ரைக் குளோபல் அஃபென்சிவ் என்ற கேமில், அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 4:3 ஆனால் பக்கவாட்டுப் பார்வை 90 டிகிரி, அகலத்திரையின் 16:9-இல் சுமார் 106. நம் மானிட்டர் 5:4, அதாவது 90கூடக் கிடைக்காது.

எல்லா கேமுக்கும் இது பலிக்காது. 2007-இல் வந்த பயோஷாக், முதலில் அகலத்திரையில் பக்கவாட்டைக் கூட்டாமல் மேலும் கீழும் வெட்டியது, பிறகு பேட்ச் போட்டுத்தான் சரிசெய்தார்கள். அப்படிப்பட்ட கேமில் பட்டை வைத்தால் நஷ்டம் நமக்குத்தான். அதனால் ஒரே இடத்தில் நின்று இரண்டு ரெசல்யூஷனிலும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஒப்பிட்டுவிடுங்கள்.

சரி, எப்படி வைப்பது? கிராஃபிக்ஸ் கார்டு என்விடியா என்றால், என்விடியா கன்ட்ரோல் பேனலில் 'அட்ஜஸ்ட் டெஸ்க்டாப் சைஸ் அண்ட் பொசிஷன்' போய், ஸ்கேலிங்கை, அதாவது படத்தைத் திரைக்கு ஏற்ப விரிக்கும் முறையை, 'ஆஸ்பெக்ட் ரேஷியோ' என்றும் அதைச் செய்வது 'ஜிபியு' (கிராஃபிக்ஸ் கார்டு) என்றும் மாற்றுங்கள். ஏஎம்டி என்றால் டிஸ்ப்ளே பக்கத்தில் ஜிபியு ஸ்கேலிங்கை ஆன் செய்து 'பிரிசர்வ் ஆஸ்பெக்ட் ரேஷியோ'. கேமின் பட்டியலில் 1280×720 வரவில்லையா, அதே மென்பொருளில் கஸ்டம் ரெசல்யூஷனாக 60 ஹெர்ட்ஸில் சேர்த்துக்கொள்ளலாம்.

இதில் நான் அரை நாள் தொலைத்த இடம் ஒன்று உண்டு. மானிட்டர் அனலாக் வகையான நீல விஜிஏ கேபிளில் இருந்தால் இந்த ஸ்கேலிங் வேலை செய்யாது, ஏனென்றால் படத்தை இழுத்து நிரப்புவது மானிட்டரே, பழைய மானிட்டர்கள் பெரும்பாலும் ஆளை ஒல்லியாகவும் நெட்டையாகவும்தான் காட்டும். டிஜிட்டலான டிவிஐ கேபிளுக்கு மாறுங்கள். மானிட்டரில் விஜிஏ மட்டும்தான் என்றால் எச்டிஎம்ஐ-விஜிஏ கன்வெர்ட்டர் போடலாம், கிராஃபிக்ஸ் கார்டுக்கு அது டிஜிட்டல் இணைப்பாகவே தெரியும். பெட்டி போன்ற சிஆர்டி மானிட்டரில் இந்தத் தொல்லையே இல்லை, மானிட்டர் பட்டனில் செங்குத்து அளவைக் குறைத்தால் போதும்.

பிக்சல் சுமார் 30 சதவீதம் குறைவதால் பழைய கார்டு கொஞ்சம் மூச்சு விடும். ஆனால் 17 இன்ச்சில் படம் 15 இன்ச் லேப்டாப் அளவுக்குச் சுருங்கிவிடும், எழுத்து அதிகமுள்ள கேமில் கண் வலிக்கும், அதற்கு 1280×800 நடுத்தரமான வழி.

எதற்கும் மசியாத கேமை விண்டோ மோடில் 1280×720-இல் திறந்து, டாஸ்க்பாரை மறைத்து, வால்பேப்பரைக் கறுப்பாக்கிவிட்டு ஆடுங்கள்.