மலையகத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: உங்கள் பார்சல் ஏன் ஊர் சுற்றுகிறது?

வேலைக்காகவோ கல்யாணமாகியோ தமிழ்நாட்டிலிருந்து இலங்கை மலையகத்தின் ஹட்டன், நுவரெலியா பக்கம் வந்து குடியேறியவர்கள் எல்லாரும் கொஞ்ச நாளில் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. அம்மா மதுரையில் போட்ட பார்சல் மும்பையில் என்ன செய்கிறது? பயப்படாதீர்கள், பெரும்பாலும் தொலைந்திருக்காது. பார்சல் தனியாகப் பயணம் செய்வதில்லை, பையில்தான் போகிறது. வெளிநாட்டுப் பை கட்டுவது சில பெரிய நகரங்களில் மட்டும்தான், அந்தப் பைக்கு எந்த விமானத்தில் இடம் கிடைக்கிறதோ அந்த வழியாகத்தான் அது வரும். லண்டனிலிருந்தோ டொரோண்டோவிலிருந்தோ வருவது துபாயில் இறங்கி ஏறுவதும் இதே காரணத்தால்தான்.

இலங்கைக்குள் வந்ததும் வெளிநாட்டுத் தபால் கொழும்பில் உள்ள மத்திய தபால் பரிமாற்றகத்துக்குப் போகும். சுங்கம் பார்ப்பது அங்கேதான். பார்சல் மேல் ஒட்டுகிற சுங்கத் தாளில் வெறுமனே 'கிஃப்ட்' என்று எழுதினால் பிரித்துப் பார்க்கத்தான் செய்வார்கள், நாளும் போகும். 'பருத்திச் சேலை 2, முறுக்கு 1 கிலோ' என்று விலையோடு எழுதச் சொல்லுங்கள்.

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை. உள்ளூரிலும் இதே கூத்துதான். கொட்டகலையிலிருந்து பக்கத்து ஊரான தலவாக்கலைக்கு நான் கூரியரில் அனுப்பிய ஒரு ஃபைல், கொழும்பு வரை மலை இறங்கிப் போய் மறுபடி ஏறி வந்தது. நடந்தே கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாமே என்று அன்றைக்கு எரிச்சல் வந்தது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. 25 ஊர்களை ஒன்றோடொன்று நேராக இணைக்க 300 வழித்தடங்கள் வேண்டும், எல்லாவற்றையும் ஒரு மையத்துக்குக் கொண்டுவந்து பிரித்து அனுப்பினால் 25 வண்டி போதும். ஃபெடெக்ஸ் என்ற கூரியர் நிறுவனம் 1973இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்தை மையமாக வைத்து இதே முறையில்தான் 25 நகரங்களுக்கு விமானச் சேவையைத் தொடங்கியது. இந்த முறையில் பக்கத்து ஊருக்குப் போகிற பார்சலும் மையத்துக்குப் போய்த்தான் திரும்பும். ஆகவே பக்கத்து டவுனுக்குத்தான் அனுப்ப வேண்டும் என்றால், தெரிந்தவர் யாராவது பஸ்ஸில் போகிறார்களா என்று பாருங்கள், அதுதான் வேகம்.

மழைக்காலத்தில் இன்னொரு சுற்று சேரும். கொழும்பிலிருந்து ஹட்டனுக்கு வழக்கமான வழி அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை. அதில் எங்காவது மண் சரிந்தால் வண்டி கண்டிப் பக்கம் போய் கம்பளை, நாவலப்பிட்டி என்று வளைந்து வர வேண்டும். ரயிலை நம்பலாமே என்பீர்கள், அந்தப் பாதையிலும் மண் விழும். நுவரெலியா டவுனுக்கு ரயில் நிலையமும் கிடையாது, நானுஓயாவில் இறக்கித்தான் கொண்டுபோக வேண்டும்.

சரி, விமானத்தையும் மழையையும் நாம் ஒன்றும் செய்ய முடியாது. முகவரியைச் செய்யலாம். இங்கேதான் முக்கால்வாசிக் குழப்பமும் நடக்கிறது.

நம் பக்கத்துத் தோட்டங்களுக்கும் ஊர்களுக்கும் வெள்ளைக்காரத் துரைமார் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்துவிட்டுப் போனார்கள். நானுஓயாவில் எடின்பரோ, அக்கரப்பத்தனையில் பெல்மோரல், ஹட்டனுக்குப் பக்கத்தில் நோர்வூட். நோர்வூட் லண்டனிலும் இருக்கிறது, டல்ஹவுசி சிவனொளிபாதமலை அடிவாரத்திலும் இருக்கிறது, இந்தியாவில் இமாச்சலத்திலும் இருக்கிறது. தபால் பிரிப்பவர்கள் முகவரியைக் கீழிருந்து மேலாகத்தான் படிப்பார்கள், முதலில் நாடு, அப்புறம் ஊர். கடைசி வரியில் ஸ்ரீலங்கா என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் தனியாக இல்லாவிட்டால் பார்சல் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

அதற்கு மேல் வரியில் தபாலகத்தின் பெயரும் ஐந்து இலக்கக் குறியீட்டெண்ணும். ஹட்டன் 22000, நுவரெலியா 22200. ஜன்னலைத் திறந்தால் தெரிகிற டவுன்தான் உங்கள் தபால் ஊர் என்று நினைத்துவிடாதீர்கள், உங்கள் தோட்டம் வேறொரு உப தபாலகத்துக்குக் கீழே இருக்கலாம். தோட்ட ஆபீசில் கேளுங்கள், கிளாக்கருக்குக் கட்டாயம் தெரியும். தோட்டத்தின் எந்தப் பிரிவு என்று சொல்லும் டிவிசன் பெயரையும் விடக்கூடாது, மேல் டிவிசனுக்கும் கீழ் டிவிசனுக்கும் நடுவே ஒரு மலையே இருக்கும். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்கள் பலவற்றுக்கு இன்றைக்கும் வீட்டு எண் கிடையாது, கடிதம் ஆபீசிலோ கடையிலோ கிடக்கும், யாராவது பார்த்துக் கொண்டுவந்து கொடுத்தால் உண்டு. 200 வருஷம் ஒரே மண்ணில் உழைத்த சனத்துக்கு சொந்தமாக ஒரு முகவரி இல்லை என்பது வெட்கக்கேடு, ஆனால் அது தீரும் வரை உங்கள் போன் நம்பரைப் பார்சல் மேல் எழுதச் சொல்லுங்கள். பெயர் கடவுச்சீட்டில் இருப்பது போலவே இருக்கட்டும். வீட்டுச் செல்லப்பெயரில் வந்த பார்சலைக் கையெழுத்துப் போட்டு வாங்குவது பெரிய பாடு.

ட்ராக்கிங்கைப் பார்த்து ராத்தூக்கம் கெட வேண்டாம். கடைசியாக எங்கே ஸ்கேன் செய்தார்கள் என்பதைத்தான் அது காட்டும், இப்போது எங்கே இருக்கிறது என்பதை அல்ல. தபால் வழி வந்தால் ட்ராக்கிங் எண்ணில் எழுத்தும் இலக்கமும் சேர்த்து 13 இருக்கும். முதல் எழுத்து ஆர் என்றால் பதிவுத்தபால், சி என்றால் பார்சல், ஈ என்றால் விரைவுத்தபால். கடைசி இரண்டு எழுத்து அனுப்பிய நாடு. கொழும்புக்கு வந்த பிறகு நாலைந்து நாள் அசையாமல் நின்றால் நாள்காட்டியைப் பாருங்கள். மாதாமாதம் பௌர்ணமி அன்று வரும் போயா தினம் அரசாங்க விடுமுறை, புதிதாக வந்தவர்களுக்கு இது சட்டென்று நினைவுக்கு வராது.

நிஜமாகவே காணோம் என்றால் ஹட்டன் தபாலகத்தில் போய்ச் சண்டை போட்டுப் பயனில்லை. அனுப்பியவர்தான் அனுப்பிய தபாலகத்தில் விசாரணை மனு கொடுக்க வேண்டும், அதுவும் ஆறு மாதத்துக்குள். அதனால் அம்மாவிடம் ரசீதை போட்டோ எடுத்து அன்றைக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.