குழாயைக் கழற்றாதவர்களுக்கு

வீட்டில் பீர் காய்ச்சப் பழகுகிறவர்கள் மூன்றாவது, நான்காவது ஈட்டில் ஒரே கேள்வியோடு வருவார்கள். "முதல் ரெண்டும் நல்லா வந்துச்சு, இப்ப மட்டும் ஏன் புளிக்குது?" ஈஸ்ட்டை மாற்றுவார்கள், மால்ட்டை (முளைகட்டிக் காயவைத்த பார்லி) குறை சொல்வார்கள். காரணம் பெரும்பாலும் நொதிக்கும் வாளியின் அடியில் திருகியிருக்கும் குழாய்தான். (இது வீட்டில் காய்ச்ச அனுமதி உள்ள நாடுகளில் இருப்பவர்களுக்கு. தமிழ்நாட்டில் அனுமதி கிடையாது.)

கை கழுவு, பாத்திரம் கழுவு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுவோம்.

அழுக்கின் மேல் சானிடைசர்

கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு. ஸ்டார் சான் போன்ற அமில சானிடைசர் (கிருமி நீக்கும் கரைசல்) பிசுக்கை எடுக்காது. வாளியின் மேல் விளிம்பில் வளையமாகக் காய்ந்திருக்கும் ஈஸ்ட் ஏட்டுக்கு அடியில் இருப்பதை அது தொடக்கூட முடியாது. முதலில் காரம்: வாசனை சேர்க்காத சோடியம் பெர்கார்பனேட் தூள், லிட்டருக்கு 7 கிராம், 55 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம். வளையம் தானாகக் கழன்று வரும். பிறகு நன்றாக அலச வேண்டும், ஏனென்றால் மிஞ்சிய காரம் அடுத்து ஊற்றும் அமிலத்தின் வேலையைக் கெடுக்கும். கடைசியாக ஸ்டார் சான், லிட்டருக்கு 1.6 மி.லி., 2 நிமிடம். அதன் நுரையைப் பார்த்துப் பயந்து மறுபடி குழாய்த் தண்ணீரில் அலசினால் செய்த வேலை வீண்.

குழாயைக் கழற்றாமல் விடுவது

எத்தனை முறை சொன்னாலும் நடக்கிற தவறு இதுதான். வாளியை மணக்க மணக்கக் கழுவியிருப்பார்கள். குழாயைத் திறந்து கொஞ்சம் சானிடைசரை ஓடவிட்டு, "அதையும் கழுவியாச்சு" என்பார்கள். ஆகவில்லை.

பிளாஸ்டிக் குழாயில் வெளிக்கூடு ஒன்று, அதற்குள் சுழலும் உருளை ஒன்று. இரண்டுக்கும் நடுவே உள்ள சந்தில் ஒவ்வொரு முறை திருகும்போதும் சில துளி பீரும் மண்டியும் புகுந்து காய்கின்றன. ஓடவிட்ட சானிடைசர் உருளையின் துளை வழியே போய்விடும், சந்துக்குள் போகாது. பின்புறம் மரையிலும் வாஷருக்கு அடியிலும் இதே கதைதான்.

இதில் ஏமாற்றுவது என்னவென்றால், வாளியிலிருக்கும் பீர் நன்றாகவே இருக்கும். புட்டியில் அடைக்கும் அன்றைக்குத்தான் மொத்த 20 லிட்டரும் அந்தக் குழாய் வழியே போகிறது. மூன்று வாரம் கழித்துத் திறந்தால் புளிப்பு, அல்லது பொங்கி மேசையெல்லாம் நுரை.

சேசான் என்ற பீர் வகையைக் காய்ச்சிய வாளியில் அடுத்து பேல் ஏல் என்ற வேறு வகையைப் போடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பல சேசான் ஈஸ்ட்டுகள் டயஸ்டாட்டிகஸ் வகை. மற்ற ஈஸ்ட் தொடாத டெக்ஸ்ட்ரினையும் (மாவுச்சத்தின் துண்டுகள்) அவை உடைத்துத் தின்னும். பீரின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.010 காட்டியது, முடிந்துவிட்டது என்று அடைக்கிறீர்கள். குழாயிலிருந்து ஏறிய சில சேசான் ஈஸ்ட் செல்கள் புட்டிக்குள் மெல்ல 1.006 வரை இறக்குகின்றன. 0.001 இறங்கினால் சுமார் அரை வால்யூம் (பீரின் கொள்ளளவில் பாதி) கார்பன் டையாக்சைடு கூடும் என்பது கணக்கு. ஆக 2 வால்யூம் கூடுதல். நுரைக்காகப் புட்டியில் சர்க்கரை போட்டு நீங்கள் வைத்த 2.4, இப்போது 4.4. சாதாரண பீர் புட்டி அதைத் தாங்கும் என்று நம்ப முடியாது. வெடித்தால் கண்ணாடிச் சில்லு முகத்தில்தான்.

செய்ய வேண்டியது பத்து நிமிட வேலை. வாளி காலியானதும், காய்வதற்கு முன், பின் நட்டைக் கழற்றிக் குழாயை எடுங்கள். வாஷர் எந்தப் பக்கம் இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெந்நீரில் சில நிமிடம் போட்டால் கூடு இளகும். கீழிருந்து மேலாக அழுத்தினால் உருளை வெளியே வரும். முதல்முறை வருகிற வாடையே போதும், பிறகு யாரும் மறக்கமாட்டார்கள். பாகங்களைத் தனித்தனியாகக் காரக் கரைசலில் ஊறவைத்து, சிறு தூரிகையால் தேய்த்து, அலசிக் காயவையுங்கள். காய்ச்சும் நாளில் சானிடைசரில் நனைத்த பிறகே மாட்ட வேண்டும். மாட்டியதும் 2 லிட்டர் சானிடைசர் கரைசல் ஊற்றி அரை மணி நேரம் ஒழுகுகிறதா பாருங்கள். பிரிக்கவே முடியாத குழாயாக இருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள். 20 லிட்டர் பீரைவிட அது மலிவு.

ஸ்டீல் பால் வால்வும் (உள்ளே துளையுள்ள குண்டு சுழலும் குழாய்) விதிவிலக்கல்ல. குண்டுக்குப் பின்னால் உள்ள குழிவில் மண்டி தங்கும். மூன்று துண்டாகப் பிரியும் வகையையே வாங்குங்கள்.

கம்பி நார்

பிளாஸ்டிக்கில் வேண்டவே வேண்டாம். கீறல் விழுந்த வாளி அரிசி போட்டு வைக்கத்தான் ஆகும்.

பிளீச்

ஸ்டீலில் குளோரின் பொடிப்பொடியாகக் குழி போடும். மிச்சம் இருந்தால் மால்ட்டின் ஃபீனாலோடு சேர்ந்து பீரில் மருந்துக்கடை வாசம் வரும். அமிலக் கரைசலோடு கலந்தால் குளோரின் வாயு, அது உயிருக்கே ஆபத்து.

செம்புச் சுருள்

வோர்ட்டை (ஈஸ்ட் போடுவதற்கு முன் கொதிக்க வைக்கும் மால்ட் சாறு) குளிர வைக்கும் செம்புச் சுருள் பழுப்பேறினால் பாதகமில்லை. பச்சைக் களிம்பு இருந்தால் எடுத்தாக வேண்டும். வோர்ட் அமிலத் தன்மை உள்ளது, களிம்பு அதில் கரையும். செம்புக் குடத்துக்குப் போடுகிற புளியே போதும். நன்றாக அலசிவிட்டு, கொதியின் கடைசி 15 நிமிடம் உள்ளே இறக்கி வையுங்கள், அதற்குத் தனியாக சானிடைசர் தேவையில்லை.

ஈர வாளியை மூடி வைப்பது

கவிழ்த்து வையுங்கள். பீரை மாற்றும் டியூபைத் தொங்கவிடுங்கள். உள்ளே கறுப்புப் புள்ளி தெரிந்தால் டியூபை மாற்றுங்கள், மீட்டர் கணக்கில்தான் விற்கிறார்கள்.