பிணையில் இருக்கும்போது வேலைக்காக ஊர் மாறுவது எப்படி?

குற்றவியல் வழக்கொன்றில் பிணையில் இருக்கும் ஒருவருக்குக் கொழும்பிலோ கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்திலோ வேலை கிடைத்தால், அதை ஏற்கலாமா என்று தயங்கும் குடும்பங்கள் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பல உண்டு. பெரும்பாலும் ஏற்கலாம். குற்றவாளியென எண்பிக்கப்படும்வரை ஒவ்வொருவரும் சுற்றவாளியே, அதாவது குற்றமற்றவரே என்று அரசியலமைப்பின் 13(5) ஆம் உறுப்புரை சொல்கிறது. பிணை வழங்குவதே விதி, மறுப்பது விதிவிலக்கு என்பது 1997 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கப் பிணைச் சட்டத்தின் அடிப்படை. ஆனால் வேலைக்குப் புறப்பட்ட பின்னர் நீதிமன்றத்துக்குச் சொல்வதல்ல முறை. சொல்லிவிட்டே புறப்பட வேண்டும்.

முதற்படி: பிணைக் கட்டளையை வாசியுங்கள்

வழக்கு மட்டக்களப்பு, ஏறாவூர், வாழைச்சேனை, களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என எந்த நீதவான் நீதிமன்றத்தில் இருந்தாலும், உங்களுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகள் வழக்கேட்டில் பதியப்பட்டிருக்கும். ஞாபகத்தை நம்பாமல், சட்டத்தரணி மூலம் உறுதிப்படுத்திய பிரதியொன்றைப் பெறுங்கள். ஞாயிறுதோறும் பொலிஸ் நிலையத்தில் கையொப்பமிட வேண்டுமா, கடவுச்சீட்டை ஒப்படைத்திருக்கிறீர்களா, வதிவிடத்தை மாற்றத் தடை உள்ளதா என்ற மூன்றையும் அதில் தேடுங்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழான வழக்குகளுக்குப் பிணைச் சட்டம் பொருந்தாது என்பதால், அத்தகைய வழக்குள்ளவர்கள் தமது சட்டத்தரணியின் தனியான ஆலோசனையின்றி எதையும் செய்யக் கூடாது.

இரண்டாம் படி: பிணையாளிடம் நேரில் பேசுங்கள்

இதைப் பலர் தவறவிடுகிறார்கள். எனக்கு மிகவும் கவலை தருவதும் இதுவே. கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடச் சான்றிதழ் எடுத்து, வேலை நாளொன்றை இழந்து, உங்களுக்காகச் சரீரப் பிணையில் (நீங்கள் வராவிட்டால் குறித்த தொகைக்குத் தான் பொறுப்பு என ஏற்கும் பிணையில்) கையொப்பமிட்டவர் பெரும்பாலும் மாமாவாகவோ மச்சானாகவோ இருப்பார். நீங்கள் தவணைக்கு, அதாவது வழக்கு அழைக்கப்படும் நாளில், வராவிட்டால் உங்களுக்குப் பிடியாணை பிறப்பிக்கப்படலாம் என்பதோடு, பிணைத் தொகையைச் செலுத்துமாறு அவருக்கும் கட்டளை போகலாம். எங்கே போகிறீர்கள், யாரிடம் வேலை செய்கிறீர்கள், எந்தத் தொலைபேசி இலக்கத்தில் கிடைப்பீர்கள் என்பதை அவர் அறிந்திருப்பது அவருடைய உரிமை.

மூன்றாம் படி: நகர்த்தல் பத்திரம்

சட்டத்தரணி நகர்த்தல் பத்திரம் (நீதிமன்றத்திடம் ஒரு கட்டளையைக் கோரும் எழுத்துமூல விண்ணப்பம்) மூலம் வழக்கை அழைப்பித்து, புதிய முகவரியைப் பதியவும், கையொப்பமிடும் இடத்தைப் புதிய வதிவிடத்துக்கு அருகிலுள்ள பொலிஸ் நிலையத்துக்கு மாற்றவும் விண்ணப்பிப்பார். நியமனக் கடிதத்தையும் தங்குமிட முகவரியையும் இணையுங்கள். நீதவானின் கட்டளை கிடைக்கும்வரை பழைய நிலையத்திலேயே கையொப்பமிடுங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள், 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

முகவரிப் பதிவை வெறும் சம்பிரதாயமாகக் கருத வேண்டாம். பாரதூரமான வழக்குகளில் நீதவான் நீதிமன்ற நடவடிக்கை முடிந்த பின்னர், சட்டமா அதிபர் மேல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வதற்கு ஆண்டுகள்கூடச் செல்லலாம். அந்த இடைவெளியில் வழக்கு முடிந்துவிட்டதென எண்ணி இருப்பவரின் பழைய வீட்டுக்கு அழைப்பாணை போய்த் திரும்பினால் அடுத்து வருவது பிடியாணை. தலைமறைவானவராகக் கருதப்பட்டால், ஆள் இல்லாமலேயே வழக்கு விசாரணையை நடத்தவும் சட்டம் இடமளிக்கிறது.

நான்காம் படி: தவணைகளுக்கு வருதல்

தவணைத் திகதிகளை வேலைக்குச் சேரும்போதே தெரிவித்து விடுமுறை கேட்டுக்கொள்ளுங்கள். புகையிரதம் மட்டக்களப்போடு நின்றுவிடும். கல்முனைக்கும் பொத்துவிலுக்கும் பஸ்தான். கார்த்திகை, மார்கழி வெள்ளத்தில் வீதிகள் துண்டிக்கப்படுவது நமக்குப் புதிதல்ல என்பதால், அம்மாதங்களில் ஒரு நாள் முன்னதாகவே ஊர் வந்து சேருங்கள்.

வெளிநாட்டு வேலையென்றால் பயணத் தடையை நீக்கவும் கடவுச்சீட்டை விடுவிக்கவும் நீதிமன்றத்தின் தனிக் கட்டளை வேண்டும். மேலதிகப் பிணையும் கேட்கப்படலாம். கட்டளை கைக்கு வருமுன் வேலைவாய்ப்பு முகவருக்குப் பணம் கட்ட வேண்டாம்.

எல்லாம் செய்தும் ஒரு தவணைக்கு வர முடியாமற் போனால், வழக்கு அழைக்கப்படுமுன் சட்டத்தரணிக்கு அறிவித்து, நோயென்றால் மருத்துவச் சான்றிதழை அனுப்புங்கள். பிடியாணை பிறப்பிக்கப்பட்டுவிட்டால், பொலிஸார் தேடி வரும்வரை காத்திராமல், நகர்த்தல் பத்திரத்துடன் நீங்களாகவே நீதிமன்றில் முன்னிலையாகி அதை மீளப்பெறுமாறு கோருங்கள்.