பழைய வீட்டில் இரண்டாவது பாத்ரூம்: தண்ணீர் போகும் வழியிலிருந்து தொடங்குங்கள்

பழைய வீடுகளில் அறைகள் விசாலமாக இருக்கும், சுவர்கள் கனமாக இருக்கும், பாத்ரூம் மட்டும் ஒன்றே ஒன்று இருக்கும். முழங்கால் வலி உள்ள ஒருவர் நடு இரவில் சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டின் மறுகோடிக்கு நடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய குறை என்று தெரியும். இதைச் சரிசெய்யப் பெரிய இடம் தேவையில்லை. 4 அடிக்கு 7 அடி கிடைத்தால் கமோடு, வாஷ் பேசின், குளிக்கும் இடம் மூன்றும் அடங்கிவிடும். கமோடும் பேசினும் மட்டும் போதும் என்றால் 3 அடிக்கு 5 அடியே போதுமானது.

முதல் முறை கட்டுகிறவர்கள் பெரும்பாலும் டைல்ஸ் கடையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நான் சொல்வது நேர் எதிர். கழிவு எந்த வழியாக வெளியேறும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அறை எங்கே வரும், தரை எவ்வளவு உயரும், செலவு எவ்வளவு ஆகும் எல்லாமே அதைப் பொறுத்துத்தான்.

முதல் வேலை: பழைய குழாயைக் கண்டுபிடியுங்கள்

வீட்டுக்கு வெளியே கழிவுநீர்க் குழாய் வந்து சேரும் தொட்டியின் மூடியைத் திறந்து வையுங்கள். ஒருவர் பாத்ரூமுக்குள் போய் ஒரு வாளித் தண்ணீரைக் கமோடில் ஊற்றட்டும், நீங்கள் தொட்டியருகே நின்று பாருங்கள். தண்ணீர் சில நொடிகளில் ஒரே வேகத்தில் வந்து விழுந்தால் குழாய் நன்றாக இருக்கிறது. தயங்கித் தயங்கி வந்தாலோ, மண்ணும் மெல்லிய வேர்களும் சேர்ந்து வந்தாலோ, அந்தக் குழாயில் இன்னொரு பாத்ரூமை இணைக்கக் கூடாது. பழைய களிமண் குழாய்களின் இணைப்புகளில் மரவேர் புகுந்திருப்பது சாதாரணமாக நடப்பதுதான்.

பழைய குழாய் சாம்பல் நிறத்தில், சிமெண்டில் செய்தது போல இருந்தால் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்ததாக இருக்கலாம். அதை மெஷின் வைத்து அறுக்காதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு நஞ்சு. அதற்கென்று பயிற்சி உள்ளவர்களை அழையுங்கள்.

செப்டிக் டேங்க் என்றால் அதன் கொள்ளளவு போதுமா என்பதையும், உள்ளாட்சியின் அனுமதி வேண்டுமா என்பதையும் இந்தக் கட்டத்திலேயே கேட்டுவிடுங்கள்.

வாட்டக் கணக்கு

இதைப் பொறுமையாகப் படியுங்கள். கமோடின் கழிவுக்கு 4 அங்குலக் குழாய் வேண்டும், அதாவது சுமார் 110 மி.மீ. அது மீட்டருக்கு 2 முதல் 2.5 செ.மீ. வரை இறங்கிக்கொண்டே போக வேண்டும். இந்தச் சரிவைத்தான் வாட்டம் என்கிறோம். புதிய கமோடு, பழைய குழாயிலிருந்து 4 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். வாட்டத்துக்கு 10 செ.மீ., குழாயின் தடிமனுக்கு 11 செ.மீ., ஆக 21 செ.மீ. அதற்கு மேல் பூச்சும் டைல்ஸும். தளத்தைத் தோண்ட முடியாத இடத்தில் பாத்ரூம் தரை கிட்டத்தட்ட முக்கால் அடிக்கு மேல் உயர்ந்துவிடும். அதுவே 1 மீட்டர் தூரம் என்றால் வாட்டத்துக்கு 2.5 செ.மீ. போதும்.

அதனால்தான் புதிய பாத்ரூமைப் பழைய பாத்ரூமின் முதுகில், அல்லது சமையலறைச் சுவரை ஒட்டி, அல்லது வெளிச்சுவரை ஒட்டி வையுங்கள் என்கிறேன். வெளிச்சுவர் கிடைத்தால், கழிவு பின்பக்கமாகச் சுவர் வழியே போகும் பி-டிராப் கமோடு வாங்குங்கள். தரையை உயர்த்தும் வேலை பெரிதும் குறையும்.

மாடியில் கட்டுகிறவர்கள் இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள். 4 அடிக்கு 7 அடி அறையைக் கால் மீட்டர் உயரத்துக்கு மணல் போட்டு நிரப்பினால், மணல் மட்டுமே ஏறக்குறைய 1 டன். பழைய தளத்தின் மேல் ஒரு சின்னக் காரை ஏற்றி நிறுத்துவது போலத்தான் அது. மரவிட்டம் போட்ட தளமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். பொறியாளர் ஒருவர் நேரில் வந்து பார்க்காமல் தொடங்காதீர்கள். எடை குறைந்த நிரப்புப் பொருள்கள் இருக்கின்றன, அதையும் அவரிடமே கேளுங்கள்.

வாட்டமே கிடைக்காத மூலையில், கழிவை அரைத்துத் தள்ளும் பம்ப் வைத்து மெல்லிய குழாயில் வெளியேற்றலாம். மின்சாரம் நின்றால் அதுவும் நின்றுவிடும் என்பதால், வேறு வழியே இல்லாதபோது மட்டும் யோசியுங்கள்.

சாக்பீஸால் ஒரு பாத்ரூம்

தேர்ந்தெடுத்த இடத்தில் தரையில் சாக்பீஸால் அறையை முழு அளவில் வரையுங்கள். கமோடு வரும் இடத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காருங்கள். இரண்டு பக்கமும் சேர்த்து 75 செ.மீ. அகலம் வேண்டும், முழங்காலுக்கு முன்னால் 2 அடி காலியாக இருக்க வேண்டும். குளிக்கும் இடம் 30 அங்குலச் சதுரத்துக்குக் குறையக் கூடாது, 36 இருந்தால் கை வீசிக் குளிக்கலாம். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே யாராவது மயங்கி விழுந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே தடுத்துவிடும்.

சுவரும் குழாயும்

எந்தச் சுவர் மேல்தளத்தின் பாரத்தைத் தாங்குகிறது என்று தெரியாமல் எதையும் இடிக்காதீர்கள். சுண்ணாம்புச் சாந்துச் சுவரில் குழாய் பதிக்கக் காடி (பள்ளம்) எடுக்கும்போது சம்மட்டியால் அடித்தால் பொலபொலவென்று கொட்டும். மெஷினால் இரண்டு கோடு அறுத்து நடுவில் மட்டும் கொத்தச் சொல்லுங்கள். கூடியவரை காடி மேலிருந்து கீழாகவே இருக்கட்டும். பக்கவாட்டில் ஆழமாக வெட்டினால் சுவரின் பலம் போய்விடும்.

தண்ணீர் வரும் பழைய இரும்புக் குழாயின் உள்பக்கம் துரு பிடித்துச் சுருங்கியிருக்கும். அதிலிருந்து கிளை எடுப்பதைவிட, தண்ணீர்த் தொட்டியிலிருந்தே புதிய லைன் இழுப்பது நல்லது. வெந்நீர் லைனுக்கு சி.பி.வி.சி. குழாயே போடுங்கள், சாதாரண பி.வி.சி. சூட்டில் இளகிவிடும். இந்த பாத்ரூமுக்கென்று தனி வால்வும் வையுங்கள்.

பேசின், கமோடு, தரை மூன்றிலும் டிராப் என்ற குழாய் வளைவில் 5 செ.மீ. தண்ணீர் நிற்பதுதான் சாக்கடை நாற்றத்தைத் தடுக்கிறது. கமோடில் ஃப்ளஷ் செய்யும்போது குழாயில் காற்று இல்லாவிட்டால், அந்தத் தண்ணீரையும் உறிஞ்சி இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் கூரைக்கு மேல் வரை போகும் காற்றுக் குழாய் கட்டாயம். எவ்வளவு கழுவினாலும் நாற்றம் போகாத பாத்ரூம்களில் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

காடியை மூடுவதற்கு முன் குழாய்களில் அழுத்தத்தோடு தண்ணீர் ஏற்றி ஓர் இரவு விட்டுப் பாருங்கள். அப்புறம் ஒவ்வொரு சுவரையும், அளவு நாடாவைப் பக்கத்தில் பிடித்தபடி, போட்டோ எடுத்து வையுங்கள். நாளைக்கு ஆணி அடிக்கும்போது கைகொடுக்கும்.

தண்ணீர் கட்டிப் பார்ப்பது

வாட்டர் புரூஃபிங் பூச்சு இரண்டு கோட் வேண்டும், முதல் கோட் காய்ந்த பிறகு அதற்குக் குறுக்காக இரண்டாவது. தரையிலிருந்து சுவரில் 1 அடி வரை ஏற்றுங்கள், ஷவர் பக்கம் 6 அடி வரை. தரையும் சுவரும் சேரும் மூலையிலும், குழாய் தளத்தைத் துளைக்கும் இடத்திலும் வலைத்துணி வைத்துப் பூச வேண்டும். ஓதம் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு, தரை டிராப்பை அடைத்து, வாசலில் சின்ன வரப்பு கட்டி, 5 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நிரப்புங்கள். தண்ணீர் மட்டத்தில் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். 48 மணி நேரம் காத்திருங்கள். எங்கள் வீட்டில் முதல் நாள் மாலை கோடு அப்படியே இருந்தது. மறுநாள் காலை தண்ணீர் அதற்கு அரை விரல் கீழே போயிருந்தது. கீழ்த்தளத்துக்குப் போய் டார்ச் அடித்துப் பார்த்தால், கூரையில் குழாயைச் சுற்றி ஈர வளையம். அந்த ஓர் இடத்தில் மட்டும் பூச்சைச் சுரண்டி, மறுபடி பூசி, மறுபடி தண்ணீர் கட்டினோம். ஐந்து நாள் தாமதம்தான். டைல்ஸ் ஒட்டிய பிறகு தெரிந்திருந்தால் தரை முழுவதையும் உடைத்திருப்போம். வேலை செய்கிறவர்கள் இதைத் தள்ளிப்போடப் பார்ப்பார்கள், நீங்கள் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கடைசிக் கட்டம்

தரை டைல்ஸ் சொரசொரப்பானதாக இருக்கட்டும், மீட்டருக்கு 1 முதல் 1.5 செ.மீ. வாட்டம் டிராப்பை நோக்கி. டைல்ஸ் இடைவெளிகளில் கிரவுட் பூசும் முன் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, எங்காவது தேங்குகிறதா என்று பாருங்கள். கீசருக்குத் தனி லைனும் எர்த்தும், பாத்ரூம் முழுவதற்கும், மின்கசிவு ஏற்பட்டால் 30 மில்லி ஆம்பியரில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் வேண்டும். இதைத் தகுதியுள்ள எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும், சுவிட்சுகள் வெளியே இருப்பதே நல்லது.

ஜன்னல் இல்லாத அறை என்றால் எக்ஸாஸ்ட் ஃபேன் நேராக வெளிக்காற்றுக்குத் திறக்க வேண்டும், பரணுக்குள் அல்ல. கதவுக்கு அடியில் 1.5 செ.மீ. இடைவெளியும் விடுங்கள். உள்ளே காற்று வர வழியில்லாவிட்டால் ஃபேன் சும்மா சுற்றும், சுவர் ஈரமாகவே நிற்கும்.